தியான் சந்த்: மந்திரக்கோலும் மல்பெரி மட்டையும்



ஆகஸ்ட் 29 வந்தால் உங்கள் கிளாஸ் குரூப்பில் ஒரு மெசேஜ் வந்து விழுமே, ஞாபகம் இருக்கா? பழைய கறுப்பு வெள்ளைப் படம். கையில் ஹாக்கி மட்டையோடு ஒரு ஒல்லியான மனிதர். கீழே கதை ஓடும். அவருடைய மட்டைக்குள் காந்தம் இருக்கிறது என்று சந்தேகப்பட்டு ஹாலந்தில் உடைத்துப் பார்த்தார்களாம். ஹிட்லரே கூப்பிட்டு ஜெர்மன் ராணுவத்தில் பெரிய பதவி தருவதாகச் சொன்னாராம். வியன்னாவில் அவருக்கு நாலு கை வைத்துச் சிலை இருக்கிறதாம். நாமும் ஒரு கைதட்டல் எமோஜி தட்டிவிட்டு அடுத்த மெசேஜுக்குப் போயிடுவோம்.

நானும் அப்படித்தான் இருந்தேன். போன செமஸ்டரில் ஒருநாள் சும்மா உட்கார்ந்து யோசித்தபோதுதான் உறைத்தது. அந்தக் காலத்து ஹாக்கிப் பந்து தக்கையும் நூலும் உள்ளே வைத்து, மேலே தோல் தைத்தது. மட்டையின் தலை மல்பெரி மரம், கைப்பிடி பிரம்பு. காந்தம் இதில் எதைப் பிடித்து இழுக்கும்? முதல் வருஷ ஃபிசிக்ஸ் லேபில் ஒழுங்காக உட்கார்ந்த யாருக்கும் இது தெரியும். ஆனால் இத்தனை வருஷமாக நாம் எல்லாரும் அதை ஃபார்வர்டு பண்ணிக்கொண்டே இருக்கிறோம். ஹிட்லர் கதைக்கும் நாலு கைச் சிலைக்கும்கூட உறுதியான ஆதாரம் கிடையாது.

அப்போ அவர் உண்மையில் யார்? மந்திரவாதி என்ற பட்டத்தை ஓரமாக எடுத்து வைத்துவிட்டுப் பார்த்தால் என்ன மிஞ்சும்? அதைத்தான் இந்த மாதம் உங்களுக்குச் சொல்லப் போறேன்.

எங்க ஊர் மூடுபனி

அதுக்கு முன்னாடி, எனக்கு ஏன் இந்த அக்கறைன்னு சொல்லிடுறேன். எனக்கு ஊர் நாகலூர். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காடு வந்து, அங்கிருந்து இன்னும் உள்ளே போகணும். காப்பித் தோட்டம், சில்வர் ஓக் மரத்தில் ஏறின மிளகுக்கொடி, மழைக்காலத்தில் மத்தியானமே இறங்கி வந்துவிடும் மூடுபனி, எல்லாம் உண்டு. சமதளம் மட்டும்தான் கிடைக்காது. நாங்கள் விளையாடின இடத்தை கிரவுண்டு என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். ஒரு பக்கம் முழுக்கச் சரிவு. பந்து தப்பினால் நேராகக் காப்பிச் செடிக்குள்ளே. அடித்தவன்தான் போய் எடுத்து வரணும், அது சட்டம்.

அங்கே எங்கள் பி.டி. சார் எங்கிருந்தோ நாலைந்து பழைய ஹாக்கி மட்டைகளைக் கொண்டு வந்து கொடுத்தார். மூடுபனி இறங்கின பிறகும் ஆடுவோம். பத்தடி தள்ளி நிற்பவன் முகம் தெரியாது. யார் எங்கே ஓடிக்கொண்டிருப்பான் என்று மனசுக்குள் ஒரு கணக்கு இருந்தால்தான் பாஸ் கொடுக்க முடியும். கணக்குத் தப்பினால் பந்து காப்பிக்கு, நீயும் காப்பிக்கு. இப்போது நம்ம காலேஜ் அணியிலும் நான் ஃபார்வர்டுதான். பெரிய ஆட்டக்காரன் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த இடத்தில் நின்று பார்த்தவன் என்பதால் தியான் சந்த் செய்ததில் எது கஷ்டம் என்று கொஞ்சம் புரிகிறது.

பதினேழாவது பிறந்தநாளில் சிப்பாய்

1905 ஆகஸ்ட் 29, அலகாபாத். பிறந்தபோது பெயர் தியான் சிங். அப்பா சமேஷ்வர் சிங் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் இருந்தவர். ராணுவக் குடும்பம் என்றால் தெரியுமே, மாற்றல் மேல் மாற்றல். பையனின் படிப்பு ஆறு வருஷத்தோடு நின்றுபோனது. கடைசியில் குடும்பம் ஜான்சியில் தங்கியது. சின்ன வயதில் அவருக்குப் பிடித்தது மல்யுத்தம். ஹாக்கி மேல் தனியாக ஓர் ஆசை கிடையாது. ஆச்சரியமா இருக்கா? பிறக்கும்போதே மட்டையோடு பிறந்தவர் இல்லைங்க அவர்.

1922 ஆகஸ்ட் 29, சரியாகப் பதினேழாவது பிறந்தநாள். அன்றைக்கு டெல்லியில் 1-வது பிராமண ரெஜிமென்ட்டில் சாதாரண சிப்பாயாகச் சேர்ந்தார். நம்மில் பலர் கவுன்சிலிங்கில் காலேஜ் தேர்வு செய்கிற வயது. அங்கே சுபேதார் மேஜர் பாலே திவாரி என்பவர்தான் கையில் மட்டையைக் கொடுத்து ஹாக்கியின் அரிச்சுவடியைச் சொல்லித் தந்தார். பகலெல்லாம் பரேடு, காவல், டியூட்டி. அது முடிந்த பிறகுதான் ஆட்டம். மைதானத்தில் விளக்கு கிடையாது. நிலா வெளிச்சத்தில் தனியாகப் பயிற்சி செய்வார், அதனால்தான் சந்திரனைக் குறிக்கும் சந்த் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது என்று சொல்வார்கள். எங்க ஊர் மூடுபனியில் ஆடியவன் என்ற முறையில் இந்தக் கதையை மட்டும் நம்ப எனக்கு ஆசை. அரை வெளிச்சத்தில் ஆடிப் பழகினவனுக்குக் கண்ணைவிட காதும் கணக்கும் முன்னாடி ஓடும்.

ஃபார்வர்டு என்றால் என்ன வேலை?

ஹாக்கி பார்க்காத நண்பர்களுக்காக ஒரு நிமிஷம். அன்றைய அணியில் முன்வரிசையில் ஐந்து பேர் நிற்பார்கள். நடுவில் நிற்பவர் சென்டர் ஃபார்வர்டு. தியான் சந்த் நின்ற இடம் அதுதான். கோல் கம்பத்துக்கு முன்னால் வளைவாக ஒரு கோடு இருக்கும். அதற்குள் வந்து அடித்தால்தான் கோல் கணக்கு. தூரத்திலிருந்து ஓங்கி அடித்து அதிர்ஷ்டத்தை நம்புகிற வேலையெல்லாம் செல்லாது.

இன்னொரு சிக்கல் ஆஃப்சைடு. இன்றைய ஹாக்கியில் அந்த விதியே கிடையாது. 1990-களில் எடுத்துவிட்டார்கள். ஆனால் தியான் சந்த் காலத்தில், எதிரணிப் பாதியில் பந்துக்கு முன்னால் ஓடி நிற்கும் உங்களுக்கு ஒருவர் பாஸ் கொடுக்கிறார் என்றால், அந்த நொடியில் உங்களுக்கும் எதிரணியின் கோல் கோட்டுக்கும் நடுவில் குறைந்தது மூன்று எதிராளிகளாவது இருக்கணும். கோல் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டு பந்து வரட்டும் என்று காத்திருக்க முடியாது. ஐந்து பேரும் ஒரே மூச்சில், ஒரே வரிசையாக முன்னேறணும். பாஸ் அரை நொடி தாமதமானால் விசில். போதாக்குறைக்கு ஆள் மாற்றமும் கிடையாது. பாதிக்கு 35 நிமிஷம், மொத்தம் 70 நிமிஷம், அதே பதினோரு பேர்தான்.

இந்தக் கட்டுப்பாடுகளுக்குள் நின்றுகொண்டுதான் அவர் கோல் அடித்தார். அப்போ பந்து மட்டையில் ஒட்டியிருந்ததைவிட, அது மட்டையை விட்டுப் போன நேரம்தான் முக்கியம் என்று தோணலையா? காந்தம் வைத்திருந்தால் பாஸ் கொடுக்க முடிந்திருக்காது பாஸ்!

தோற்றது ஒன்றே ஒன்று

1926-ல் இந்திய ராணுவ அணி நியூசிலாந்துக்குக் கப்பலேறியது. அதில் சிப்பாய் தியான் சந்தும் ஒருவர். 21 ஆட்டங்கள். 18 வெற்றி, 2 சமன், ஒரே ஒரு தோல்வி. அணி போட்ட 192 கோல்களில் நூற்றுக்கும் மேலே அவருடையது. திரும்பி வந்ததும் கிடைத்த பரிசு என்ன தெரியுமா? சிப்பாயிலிருந்து லான்ஸ் நாயக் பதவி. ஒரே ஒரு படி.

இதே காலத்தில் கனடாவில் ஐஸ் ஹாக்கி ஆடிய ஃபார்வர்டுகளுக்கு விளையாட்டே தொழில். அங்கே என்.எச்.எல். 1917-லேயே தொடங்கிவிட்டது. கோல் அடித்தால் சம்பளம், நன்றாக ஆடினால் அடுத்த வருஷம் இன்னும் பெரிய ஒப்பந்தம். நம்ம ஆளுக்கு அப்படி ஒரு ஏற்பாடே கிடையாது. சோறு போட்டது சிப்பாய் வேலை. ஹாக்கி, வேலை முடிந்த பிறகு செய்கிற இன்னொரு வேலை, கூலி இல்லாமல்.

1928-ல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக். இந்திய ஹாக்கி சம்மேளனம் பிறந்தே மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. கல்கத்தாவில் மாகாணங்களுக்கு இடையே போட்டி வைத்து அணியைத் தேர்ந்தெடுத்தார்கள். ஜெய்பால் சிங் கேப்டன். பம்பாயிலிருந்து கப்பல் கிளம்பியபோது வழியனுப்ப வந்தவர்கள் மூன்றே பேர். ஆமாங்க, நம்ம டிபார்ட்மென்ட் அசோசியேஷன் மீட்டிங்கிற்குக்கூட அதைவிடக் கூட்டம் வரும்.

ஆஸ்திரியாவை 6-0, பெல்ஜியத்தை 9-0, டென்மார்க்கை 5-0, சுவிட்சர்லாந்தை 6-0. இறுதி ஆட்டத்தில் சொந்த மண்ணில் நின்ற நெதர்லாந்தை 3-0. கூட்டிப் பாருங்கள், 29 கோல். வாங்கியது பூஜ்யம். அந்த 29-ல் 14 தியான் சந்த் அடித்தது. இந்தியாவுக்கு முதல் ஹாக்கித் தங்கம். திரும்பி வந்தபோது பம்பாய்த் துறைமுகத்தில் ஜனக்கூட்டம் அலைமோதியது. போகும்போது இருந்த மூன்று பேர் நினைவில் இருக்கட்டும். இந்தக் கதையில் அது திரும்பவும் வரும்.

லீவு இல்லை

இந்த இடத்தில் நம்ம காலேஜ் பசங்களுக்கு ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். டோர்னமென்ட் போயிட்டு வந்து ஓ.டி. ஃபாரத்தில் கையெழுத்து வாங்க அலைந்தவர்கள் கொஞ்சம் பக்கத்தில் வாங்க.

1932 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்குக்கு அணி தேர்வு. மாகாணப் போட்டியில் ஆடுவதற்கு தியான் சந்துக்கு லீவு கொடுங்கள் என்று ஹாக்கி சம்மேளனம் ராணுவத்தைக் கேட்டது. அவருடைய பிளட்டூன் மறுத்துவிட்டது. ஏற்கனவே ஒலிம்பிக் தங்கம் வாங்கின ஆள்! வேறு வழியில்லாமல் அவரைத் தேர்வுப் போட்டி இல்லாமலேயே அணியில் சேர்த்தார்கள். மற்ற எல்லாரும் ஆடிக் காட்டித்தான் இடம் பிடித்தார்கள். 1936-க்கும் இதே கதை. மறுபடியும் லீவு கேட்டார்கள், மறுபடியும் மறுத்தார்கள், மறுபடியும் நேராகத் தேர்வு. பி.டி.எஃப். அனுப்பத் தெரியாத காலத்து ஓ.டி. பிரச்சினை இது.

1932 அணியில் அவருடைய தம்பி ரூப் சிங்கும் இருந்தார். இன்சைடு லெஃப்ட். அணி கொழும்பிலிருந்து கப்பலேறியது. கிளம்பும் முன் இலங்கை அணியோடு இரண்டு ஆட்டம், ஒன்றில் 20-0, இன்னொன்றில் 10-0. மே 30-ல் கிளம்பி ஜூலை 6-ல்தான் சான் பிரான்சிஸ்கோ போய்ச் சேர்ந்தார்கள். ஐந்து வாரத்துக்கு மேல் கடல். உலகமே பொருளாதார மந்தத்தில் கிடந்த வருஷம் அது. ஹாக்கிக்கு வந்த அணிகளே மூன்றுதான். ஜப்பானை 11-1, அமெரிக்காவை 24-1. அந்த 24-ல் தம்பி 10, அண்ணன் 8.

கவனிச்சீங்களா? உலகத்தின் முதல் சென்டர் ஃபார்வர்டு என்று பேர் வாங்கின அண்ணனைவிடத் தம்பி இரண்டு கோல் அதிகம். நடுவில் நிற்பவன் நினைத்தால் எல்லாப் பந்தையும் தானே அடிக்கலாம். ஃபார்வர்டாக நின்ற எனக்குத் தெரியும், வட்டத்துக்குள் பந்து வந்துவிட்டால் பக்கத்தில் இருப்பவன் கண்ணுக்கே தெரியமாட்டான். அங்கே அண்ணனுக்குத் தம்பி தெரிந்தான் என்பதைத்தான் நான் அந்த 24-1-ல் பார்க்கிறேன். உபரியாக ஒரு தகவல்: 2010-ல் குவாலியரில் சச்சின் ஒருநாள் போட்டியில் 200 அடித்தாரே, அந்த மைதானத்தின் பெயர் கேப்டன் ரூப் சிங் ஸ்டேடியம். இந்தத் தம்பிதான் அவர்.

தங்கம் வாங்கியதும் நேராக வீட்டுக்கு வர முடியவில்லை. செலவை ஈடுகட்ட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஊர் ஊராக ஆட்டம். அந்தப் பயணம் முழுக்க 37 ஆட்டங்கள், இந்தியா அடித்தது 338 கோல். அதில் 133 தியான் சந்த். அவருக்குக் கூலி? திரும்பி வந்து மறுபடியும் சிப்பாய் உடுப்பு.

1935-ல் கேப்டனாக நியூசிலாந்தும் ஆஸ்திரேலியாவும் போனார். அணிக்கு 48 ஆட்டம், 584 கோல். அவர் ஆடியது 43, அடித்தது 201. கால்குலேட்டரை எடுக்கவேண்டாம், சராசரி கிட்டத்தட்ட 4.7. அடிலெய்டில் டான் பிராட்மேனும் அவரும் சந்தித்துக்கொண்டார்கள். ஒருவர் ரன்னுக்கு, ஒருவர் கோலுக்கு. அவரவர் ஆட்டத்தின் சராசரிக் கணக்கையே புரட்டிப்போட்டவர்கள் இரண்டு பேரும்.

பெர்லின், மழை, காலணி

1936. கேப்டன் தியான் சந்த். இது சுலபமான வெற்றிக் கதை என்று நினைத்துவிடாதீர்கள். கிளம்பும் முன் டெல்லியில் உள்ளூர் அணியிடமே 4-1 தோல்வி. பிறகு கப்பல், அப்புறம் மூன்றாம் வகுப்பு ரயில், அலுத்துப்போய் ஜூலை 13-ல் பெர்லின் சேர்ந்தார்கள். நாலாவது நாள் ஜெர்மனியோடு பயிற்சி ஆட்டம். அதிலும் 4-1 என்று தோல்வி.

எட்டு வருஷமாக ஒலிம்பிக்கில் தோற்காத அணியின் கேப்டன் அன்று ராத்திரி எப்படித் தூங்கியிருப்பார், யோசித்துப் பாருங்கள். மந்திரவாதியாக இருந்தால் கையை அசைத்துச் சரிபண்ணியிருக்கலாம். இவர் செய்தது வேறு. முன்வரிசையில் எங்கே ஓட்டை என்று பார்த்தார்கள். இந்தியாவுக்குச் செய்தி அனுப்பி அலி தாரா என்ற ஆட்டக்காரரை விமானத்தில் வரவழைத்தார்கள். ஹங்கேரியை 4-0, அமெரிக்காவை 7-0, ஜப்பானை 9-0 என்று தாண்டி அரையிறுதிக்கு வந்தபோது தாராவும் வந்து சேர்ந்தார். பிரான்ஸ் 10-0.

இறுதி ஆட்டம் ஆகஸ்ட் 14-ல் நடக்கவேண்டியது. மழை. மறுநாளுக்குத் தள்ளிப்போனது. எதிரே அதே ஜெர்மனி. ஒரு மாதத்துக்கு முன் 4-1 என்று அடித்த அதே அணி, அவர்கள் ஊர், அவர்கள் கூட்டம். ஆட்டத்துக்கு முன் உடை மாற்றும் அறையில் பங்கஜ் குப்தா காங்கிரஸின் மூவர்ணக் கொடியை எடுத்தார். வெளியே பிரிட்டிஷ் இந்தியாவின் பெயரில் ஆடவேண்டிய பதினோரு பேரும் உள்ளே அந்தக் கொடிக்கு வணக்கம் வைத்தார்கள். அவர்களில் ஒருவர் பிரிட்டிஷ் ராணுவத்தில் சம்பளம் வாங்குகிறவர் என்பதை மறந்துவிடாதீர்கள். தேதி ஆகஸ்ட் 15. இன்னும் பதினொரு வருஷம் கழித்து அந்தத் தேதிக்கு வேறு அர்த்தம் வரும் என்று அந்த அறையில் இருந்த யாருக்கும் தெரியாது.

முதல் பாதி முடிந்தபோது 1-0 மட்டுமே. தரை ஈரம், கால் வழுக்கியது. இடைவேளைக்குப் பிறகு தியான் சந்த் ஆணி வைத்த காலணியையும் காலுறையையும் கழற்றிப்போட்டுவிட்டு இறங்கினார். ஜெர்மன் கோல்கீப்பரோடு மோதியதில் அவருக்கு ஒரு பல் போனது என்றும் சொல்கிறார்கள். முடிவு 8-1. மொத்தப் போட்டியிலும் இந்தியா அடித்தது 38, வாங்கியது அந்த ஒன்றே ஒன்று.

நான் இந்த ஆட்டத்தில் பார்ப்பது மந்திரத்தை இல்லை. வழுக்குகிற தரையில் காலணி உதவவில்லை என்றால் அதைக் கழற்றுகிற சாதாரண புத்தி. எங்க ஊர்ச் சரிவில் மழையில் ஆடும் எந்தப் பையனும் செய்வான். ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில், அத்தனை கூட்டத்துக்கு முன்னால், கேப்டனாக இருந்துகொண்டு அதைச் செய்வதற்குத்தான் நெஞ்சு வேணும்.

அதற்கடுத்த 1940-ம் 1944-ம் உலகப் போரில் போயின. ஒலிம்பிக்கே நடக்கவில்லை. போர் முடிந்தபோது அவருக்கு வயது நாற்பதை ஒட்டியது. 1947 கடைசியில் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து இந்திய அணிக்கு அழைப்பு வந்தது. தியான் சந்த் வருவதானால்தான் அணி வரலாம் என்று நிபந்தனை. 42 வயதில் போனார். 22 ஆட்டம், 61 கோல். அதோடு பெரிய ஆட்டங்களுக்கு விடை கொடுத்தார்.

மூன்று பேர், மறுபடியும்

1952-ல் அவருடைய சுயசரிதை புத்தகமாக வந்தது. பெயர் கோல். வெளியிட்டது எங்கே தெரியுமா? நம்ம மெட்ராஸில். ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம் என்ற விளையாட்டுப் பத்திரிகை வெளியிட்டது. ஜான்சிக்காரரின் கதை முதலில் அச்சேறியது தமிழ்நாட்டில் என்பதில் நமக்கும் ஒரு சின்னப் பங்கு இருக்கு.

1956-ல் மேஜராக ராணுவத்திலிருந்து ஓய்வு. அதே வருஷம் பத்மபூஷண். பிறகு மவுண்ட் அபுவில் பயிற்சி முகாம்கள், பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தில் தலைமைப் பயிற்சியாளர் பொறுப்பு. கடைசிக் காலம் ஜான்சியில். அங்கே அவரை எல்லாரும் தத்தா என்று கூப்பிடுவார்கள். அண்ணன் என்று அர்த்தம்.

அவருடைய மகன் அசோக் குமாரும் ஃபார்வர்டுதான். 1975-ல் கோலாலம்பூரில் நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானை இந்தியா 2-1 என்று வென்றதே, அந்த வெற்றி கோல் மகன் அடித்தது. அந்த அணியில் நம்ம தமிழ்நாட்டு வி.ஜே. பிலிப்ஸும் இருந்தார். ஆனால் அடுத்த வருஷமே மாண்ட்ரியல் ஒலிம்பிக். முதல்முறையாகச் செயற்கைப் புல்தரை. இந்தியா ஏழாவது இடம். 1928-ல் தியான் சந்த் தொடங்கிவைத்த பதக்க வரிசை, அவர் உயிரோடு பார்த்துக்கொண்டிருக்கும்போதே அறுந்தது.

1979-ல் கல்லீரல் புற்றுநோய். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் சேர்த்தார்கள். பொது வார்டில். மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர், வரிசையாகப் போட்ட கட்டில்களில் ஒன்றில் கிடந்தார். டிசம்பர் 3-ல் காலமானார். ஜான்சியில் அவர் விளையாடிய மைதானத்திலேயே ராணுவ மரியாதையோடு தகனம்.

அதற்குப் பிறகு வந்தவை வரிசையாக: 1980-ல் தபால் தலை. 2002-ல் டெல்லி தேசிய ஸ்டேடியத்துக்கு அவர் பெயர். பிறந்தநாள், தேசிய விளையாட்டு தினம். 2021-ல் கேல் ரத்னா விருதுக்கு அவர் பெயர். போகும்போது மூன்று பேர், திரும்பும்போது கூட்டம் என்று சொன்னேனே, ஞாபகம் இருக்கா? இந்தத் தடவை அவர் திரும்பி வரவில்லை. கூட்டம் மட்டும் வந்தது.

அதனால என்ன?

இப்போ மறுபடியும் அந்த வாட்ஸ்அப் மெசேஜுக்கு வருவோம். காந்தம், ஹிட்லர், நாலு கை. இந்தக் கதைகள் ஏன் இவ்வளவு வருஷம் செத்துப்போகாமல் இருக்குன்னு நான் நிறைய யோசிச்சேன். எனக்குக் கிடைத்த பதில் இதுதான். ஒருவரை மந்திரவாதி என்று சொல்லிவிட்டால் அவருக்கு நாம் எதுவும் தரவேண்டியதில்லை. மந்திரவாதிக்குப் பயிற்சி நேரம் வேண்டாம், லீவு வேண்டாம், சம்பளம் வேண்டாம், வயசான பிறகு நல்ல கட்டில்கூட வேண்டாம். மேலே இருந்து வந்த வரம், தானாக நடந்தது. கைதட்டினால் போதும்.

அவரை உழைத்த ஒரு மனிதராகப் பார்த்தால்தான் கணக்கு கேட்கத் தோணும். பகல் முழுக்க டியூட்டி பார்த்துவிட்டு இருட்டில் மட்டை பிடித்தவருக்கு ஏன் லீவு மறுத்தீர்கள்? 338 கோல் பயணத்தில் அவர் பங்குக்கு என்ன கொடுத்தீர்கள்? கைதட்டலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாத கேள்விகள் இவை.

அப்போ எல்லாத்தையும் விட்டுட்டு ஆசைப்பட்டதைத் துரத்துங்க என்று சொல்லப் போறேன்னு நினைச்சீங்களா? இல்லை. தியான் சந்த் வேலையை விடவில்லை, விடவும் முடியாது. 34 வருஷம் உடுப்பில் இருந்தார். பிளேஸ்மென்ட்டா, ஆட்டமா என்று நாம் தவிக்கிற தவிப்பு அவருக்கும் இருந்தது. இரண்டையும் சுமந்தார், தனியாகச் சுமந்தார். அதில் பெருமைப்படுவதற்கு எவ்வளவு இருக்கிறதோ, அவ்வளவு வெட்கப்படுவதற்கும் இருக்கு. வெட்கம் அவருக்கு இல்லை, கூட இருந்தவர்களுக்கு.

நம்ம கிளாஸிலேயே ஒருத்தர் இருப்பார் பாருங்க. அதிகாலை ஐந்தரைக்கு ஷூ மாட்டிக்கொண்டு கிரவுண்டுக்குப் போகிறவர். முதல் பீரியடில் தூங்கி வழிகிறவர். டோர்னமென்ட் முடிந்து வந்து, அட்டெண்டன்ஸ் 75-ஐத் தொடுமா என்று கணக்குப் போட்டுக்கொண்டு நிற்கிறவர். அவருக்குக் கப்பும் கோப்பையும் வந்த பிறகு ஸ்டேட்டஸ் வைக்க நாம் எல்லாரும் ரெடி. விட்டுப்போன யூனிட்டின் நோட்ஸை ஃபோட்டோ எடுத்து அனுப்புகிறவர் எத்தனை பேர்? லேப் ரெக்கார்டில் கைகொடுக்கிறவர் எத்தனை பேர்? போகும்போது வழியனுப்ப பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வருகிறவர் எத்தனை பேர்?

அடுத்த ஆகஸ்ட் 29-ல் அந்தக் காந்தக் கதை வந்தால், அது தக்கையும் தோலும், மட்டை மல்பெரி மரம் என்று மட்டும் பதில் போடுங்க. அப்படியே அந்த நோட்ஸையும் அனுப்பிடுங்க.

நானும் ஒண்ணு சொல்லிடுறேன். லீவுக்கு நாகலூர் போனபோது அந்தப் பழைய சரிவில் இப்போதும் சின்னப் பசங்க ஆடிக்கொண்டிருந்தார்கள். மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. வட்டமும் இல்லை, கோல் கம்பமும் இல்லை, இரண்டு செருப்புதான் கம்பம். நடுவில் நின்ற ஒரு பொடியனுக்கு நேராகப் பந்து வந்தது. அடித்திருக்கலாம். தலையைத் தூக்காமலேயே இடது பக்கம் தள்ளிவிட்டான். அங்கே ஒருத்தன் ஓடி வருவான் என்று அவனுக்குத் தெரிந்திருக்கு. பனிக்குள் இருந்து ஒருத்தன் வந்தான்.

அன்றைக்கு எங்க ஊரில் வேடிக்கை பார்க்க இருந்தது நான் ஒருத்தன்தான். அடுத்த தடவை இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போகணும்னு இருக்கேன். வர்றீங்களா?